உறைகூழில் வளரும் பளிங்கு

இரத்தினபுரி, பெல்மதுளை, காவத்தைப் பகுதித் தோட்டங்களில் வாழ்வோருக்கு மாணிக்கக் குழி புதுமையான காட்சியன்று. தேயிலைச் சரிவு இறங்கி வயலோடு சேரும் தாழ்நிலத்தில், நாற்புறமும் மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்த குழியொன்று காணப்படும். அதில் ஊறும் நீரை இயந்திரம் ஓயாது இறைத்துக்கொண்டிருக்கும். மேல்மண்ணையும் களிமண்ணையும் கடந்து இறங்கியவர்கள், பரலும் மணலும் கலந்த ஒரு படையை எட்டுவர். அப்படைக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் வீடு என்று ஒலிப்பது தற்செயலே. ஆயினும் மணிகள் குடியிருக்கும் இடத்துக்கு அதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. அப்பரலைப் பிரம்புக் கூடையில் இட்டு நீருள் வட்டமாகச் சுழற்றும்போது இலேசான மண் வெளியேறும். கனமான கற்கள் அடியில் தங்கும். அவற்றுள் ஒரு நீலமோ புட்பராகமோ வைடூரியமோ இருந்துவிட்டால், நிலத்துக்கு உரியவர், இயந்திரத்துக்கு உரியவர், குழியில் இறங்கியவர் எனப் பங்கு பிரியும்.

கூடையில் தங்கும் கல் பெரும்பாலும் உருண்டு மழுங்கியிருக்கும். அது பிறந்தபோது அவ்வாறு இருக்கவில்லை. தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் உடைய பளிங்காகவே அது பிறந்தது. மலையிலிருந்து பெயர்ந்து, வெள்ளத்தோடு உருண்டு வந்த நெடும்பயணத்தில் அந்த முகங்களை இழந்தது. அது பிறந்த காலமோ ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. நிலத்தின் பல கிலோமீற்றர் ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், பெரும் அமுக்கத்தின் கீழ் அது வளர்ந்தது. அவ்வளர்ச்சியைக் கண்ணால் கண்டவர் எவருமிலர், காணவும் இயலாது.

எனினும், பளிங்கு எவ்வாறு வளர்கிறது என்பதை ஒரு கண்ணாடிக் குழாயின் வெளியே இருந்தபடி, சாதாரண அறை வெப்பத்தில், நாள்தோறும் பார்த்தறிய ஒரு வழி உண்டு. சிலிக்கா ஜெல் எனப்படும் உறைகூழில் பளிங்கு வளர்த்தலே அவ்வழி. செலவு குறைந்த முறை. பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் எட்டக்கூடிய முறை.

பளிங்கு என்றால் என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். மினுக்கமோ கடினமோ ஒரு பொருளைப் பளிங்காக்குவதில்லை. கண்ணாடி மினுங்கும்; ஆயினும் அது பளிங்கன்று. கறியுப்பு எளிதில் நொறுங்கும், அது பளிங்கு. அணுக்கள் ஓர் ஒழுங்கில், ஒரே வரிசையும் அளவும் மாறாமல், கல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடுக்கப்பட்டிருத்தலே பளிங்கின் இலக்கணம். அவ்வாறு இடையில் ஒடியாத ஒரே அடுக்காக ஒரு துண்டு முழுதும் அமைந்தால் அதனைத் தனிப்பளிங்கு என்பர். ஒரு நல்ல நீலக்கல் தனிப்பளிங்கு. தெருவோரக் கருங்கல் பல கனிப்பொருட்களின் சிறு பளிங்குகள் நெருங்கிக் கிடக்கும் கூட்டம்.

இந்த இலக்கணத்துக்குச் சபரகமுவ மண்ணிலேயே இரு சான்றுகள் உண்டு. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராய் இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கலை ஆராய்ச்சியாளராக உலகப் புகழ் பெற்ற அவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர்; இலண்டனில் புவியியல் கற்றுத் திரும்பியவர். பலாங்கொடைப் பக்கத்துப் பரலில் கிடைத்த, கனம் மிகுந்த சிறு கரிய கனசதுரங்கள் 1904இல் அவர் கவனத்துக்கு வந்தன. முதலில் யுரேனியக் கனிப்பொருள் என்று கருதப்பட்ட அவை, தோரியம் மிகுந்த புதிய கனிப்பொருள் என்பது இங்கிலாந்தில் நடந்த பகுப்பாய்வில் வெளிப்பட்டது. தோரியனைற்று என்று அதற்குப் பெயராயிற்று. இரண்டாவது சான்று, எகலியகொடைப் பரலிலிருந்து வந்த ஒரு பச்சைக் கல். எப். எல். டி. ஏக்கநாயக்க 1953இல் அறியச் செய்த அக்கல், அவர் பெயராலேயே ஏக்கனைற்று எனப்படுகிறது. அதிலும் தோரியம் உண்டு. தோரியத்தின் கதிர்வீச்சைத் தோரியனைற்றின் அணுவடுக்குத் தாங்கிக்கொள்கிறது. இன்றும் அது பளிங்கே. ஏக்கனைற்றின் அடுக்கோ, தன்னுள்ளேயே எழும் கதிர்வீச்சினால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்துபோனது. பார்வைக்கு மணி; உள்ளே ஒழுங்கு குலைந்த கண்ணாடி. ஒரே ஆற்றுப்படுகையில் பளிங்காய் நிலைத்ததும் உண்டு, பளிங்காய்ப் பிறந்து அந்நிலையை இழந்ததும் உண்டு.

இனி உறைகூழுக்கு வருவோம். கேகாலை, எகலியகொடைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் இருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். காலையில் மரத்திலிருந்து சேர்த்த பால் தொழிற்சாலைக்கு வருகிறது. நீர் சேர்த்து வடிகட்டித் தட்டுகளில் ஊற்றி, அளவாகப் போமிக் அமிலம் கலந்து வைக்கிறார்கள். சில மணி நேரத்தில் பாய்ந்தோடிய பால் அசையாத கட்டியாகிவிடுகிறது. புதிதாக எதுவும் வளர்ந்து அதனுள் நிரம்பிவிடவில்லை. தனித்தனியாய் மிதந்த நுண்துகள்கள், அமிலம் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்தன, அவ்வளவே. சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலும் இதைப் போன்றதே. நீர்க்கண்ணாடி என்று அதற்கொரு பெயருண்டு. தெளிந்த அக்கரைசலோடு அமிலம் சேர்ந்தால் சிலிக்கா அணுத்தொகுதிகள் கைகோத்து, கண்ணுக்குத் தெரியாத வலையொன்றைப் பின்னுகின்றன. அவ்வலையின் கண்களில் நீர் சிறைப்படுகிறது. விளைவது ஒளி ஊடுருவும் உறைகூழ். குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே என்பது நம்புதற்கரியது. இறப்பர்க் கட்டி தன் நீரைக் கக்கிச் சுருங்கும். சிலிக்கா உறைகூழோ, மூடி வைத்தால் வாரக்கணக்கில் நீரை உள்ளே வைத்திருக்கும். பளிங்கு வளர்ப்போருக்கு வேண்டியது அந்தக் குணமே.

கூழ்நிலைப் பொருட்களை ஆராய்ந்து அவற்றுக்குப் பெயர் சூட்டியவர் ஸ்கொத்லாந்து இரசாயன அறிஞர் தோமஸ் கிரகாம். 1861இல் அவர் பொருட்களை இரண்டு உலகங்களாகப் பிரித்தார்: உப்பு, சர்க்கரை போலப் பளிங்காகி, நுண்தோலின் ஊடாக விரைந்து பரவுபவை ஒன்று; பசை, பிசின், சிலிக்கா போலப் பளிங்காகாது, மெல்ல நகர்பவை மற்றொன்று. இவ்விரண்டும் எதிரெதிரானவை என்று அவர் கருதினார். பின்னர் வந்தோர், அவர் பளிங்குக்குப் பகையென எண்ணிய அந்தக் கூழின் மடியிலேயே மிக அழகிய பளிங்குகளை வளர்த்துக் காட்டினர். விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் பல உண்டெனினும் இதன் சுவை தனி.

செய்முறை பின்வருமாறு. புளியம்பழத்தின் புளிப்புக்குக் காரணமான தார்த்தாரிக் அமிலத்தை நீரில் கரைத்து எடுத்துக்கொள்வர். ஐதான சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலை அந்த அமிலத்துக்குள் துளித்துளியாகக் கலக்கியபடி சேர்ப்பர். இவ்வரிசை முக்கியமானது. அமிலத்தைச் சிலிக்கேற்றுக்குள் ஊற்றினால் விழுந்த இடத்திலேயே கட்டி தட்டிவிடும். கேழ்வரகு மாவைக் கரைக்கத் தெரியாதவர் கிண்டிய கூழ் போலாகும். கலவையைச் சோதனைக் குழாயில் முக்காற் பங்கு நிரப்பி, அசையாமல் வைத்துவிட வேண்டும். அமிலம் மிகுந்திருந்தால் உறைய நாட்கள் பல செல்லும். நடுநிலைக்கு நெருங்கியிருந்தால் விரைவில் உறையும். நன்றாக உறைந்த பின்பே, மேலே கல்சியம் குளோரைட்டுக் கரைசலைக் குழாயின் சுவரோடு வழியவிட்டு மெதுவாக ஊற்றுவர். சிலிக்கேற்றுக் கரைசல் காரமானது. கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொள்ளல் வேண்டும். மற்றபடி இதில் அஞ்சத்தக்கது ஏதுமில்லை.

பிறகு செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. காத்திருத்தலே செய்முறையின் பெரும்பகுதி.

இந்த இரு கரைசல்களையும் ஒரு முகவையில் நேராகக் கலந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது வேறு. கல்சியமும் தார்த்தரேற்றும் ஒன்றையொன்று கண்ட கணத்திலேயே கோடிக்கணக்கான இடங்களில் பிணைந்து, வெண்பொடியாக வீழ்ந்திருக்கும். பொடியின் ஒவ்வொரு துகளும் பளிங்கே. ஆயினும் கருக்கள் அளவின்றித் தோன்றியமையால் எதற்கும் வளர உணவில்லை. ஒரே பாத்தியில் ஒரு கூடை விதையைக் கொட்டிய கதை. உறைகூழில் நிகழ்வது இதற்கு மாறானது. கல்சிய அயன்கள் வலைக்கண்களின் ஊடாக, இடறி, திரும்பி, வழி தேடி, மெல்லக் கீழே இறங்குகின்றன. இதற்குப் பரவல் என்று பெயர். கலக்குவார் இல்லை, வெப்பநீர் மேலெழுவதும் குளிர்நீர் கீழிறங்குவதுமான ஓட்டமும் இல்லை. உருவான பளிங்கு தன் பாரத்தால் அடியில் வீழ்வதுமில்லை. வலை அதனை ஏந்திக்கொள்கிறது. எப்பக்கமும் தடையின்றி அது முகங்களை விரிக்கிறது.

பரவலின் கணக்கு வியப்பானது. நீரில் ஓர் அயன் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தூரம் பரவும் என்று கொண்டால், இரண்டு சென்ரிமீற்றருக்கு இரண்டு நாள் போதாது. நான்கு நாள் வேண்டும். மூன்று சென்ரிமீற்றருக்கு ஒன்பது நாள். பத்துக்கு நூறு நாள். குறிக்கோளின்றி முன்னும் பின்னும் நடப்பவன் தூரத்தைக் கடக்கும் விதம் அது. ஆகையால் குழாயின் மேற்பகுதியில், கரைசல் செறிவாக வந்து சேரும் இடத்தில், பளிங்குகள் நெருக்கமாகவும் சிறியனவாகவும் இருக்கும். கீழே செல்லச் செல்ல அவை எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெருக்கும். அடிப்பகுதியில் தன்னந்தனியாக நிற்பதே பெரும்பாலும் குழாயின் சிறந்த பளிங்கு. சில வாரங்களில் கல்சியம் தார்த்தரேற்று ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத் தெளிந்த பளிங்காக வளர்ந்து நிற்பதைக் காணலாம்.

இம்முறையை ஆய்வுக் கருவியாக்கியவர்களுள் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்த ஹரி ஹோம்ஸ் ஒருவர். 1917ஆம் ஆண்டளவில் அவர் சிலிக்கா உறைகூழில் பலவகைப் பளிங்குகளை வளர்த்தார். ஈய அயடைட்டு, பொன் தகடு போன்ற அறுகோண இதழ்களாக வளர்வது இவற்றுள் புகழ்பெற்ற காட்சி. ஈயம் நஞ்சு, அக்காட்சியைத் தக்க மேற்பார்வையுள்ள ஆய்வுகூடத்துக்கே விட்டுவிடல் நன்று. பின்னர் இம்முறை பல்லாண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. குறைகடத்திகளின் காலம் வந்து, குற்றமற்ற தனிப்பளிங்குகளுக்கு உலகெங்கும் தேவை எழுந்தபோதுதான் மீண்டும் நினைவுகூரப்பட்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸ் ஹெனிஷ் 1960களில் இதனை முறையாக ஆராய்ந்து, 1970இல் ஒரு தனிநூலே எழுதினார். கரைசலை முதலில் மிக ஐதாக ஊற்றி, பளிங்குகள் கருக்கொண்ட பின் செறிவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், புதிய கருக்கள் பெருகாமல் இருப்பவையே பெரிதாக வளரும் என்பது அக்காலத்தில் தெளிவாகிய உண்மை. நோயாளிக்குக் கஞ்சித் தண்ணீரில் தொடங்கிச் சோற்றுக்கு வருவது போன்ற பக்குவம்.

உறைகூழ் எப்போதும் தனிப்பளிங்கையே தரும் என்று எண்ணிவிடலாகாது. 1896இல் ஜெர்மனியரான ரபாயல் லீசகாங், பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கலந்த ஜெலற்றீன் படலத்தின்மேல் வெள்ளி நைத்திரேற்றுத் துளியொன்றை இட்டார். நிறம் சீராகப் பரவவில்லை. ஒன்றைச் சுற்றி ஒன்றாக, இடைவெளி விட்டு விட்டு, வளையங்கள் தோன்றின. ஓரிடத்தில் வீழ்படிவு உண்டாகையில் சுற்றியுள்ள பொருளை அது உறிஞ்சிவிடுகிறது. அந்த வெறுமையைக் கடந்த பின்பே அடுத்த வளையம் பிறக்கிறது என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கம்.

உறைகூழ் முறையின் பயன் அழகோடு நின்றுவிடவில்லை. மனித உடலில் உண்டாகும் சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று, கல்சியம் பொசுபேற்று போன்ற பளிங்குகளின் திரள். அவற்றை உறைகூழில் வளர்த்து, எப்பொருள் சேர்ந்தால் வளர்ச்சி குன்றுகிறது என்று சோதிக்கும் ஆய்வு இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நடந்திருக்கிறது. நாட்டு மருந்துச் சாறுகளும் அவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளன. குழாயில் குன்றுவது உடலிலும் குன்றும் என்று உடனே முடிவுகட்டலாகாது என்பதை அவ்வாய்வாளர்களே அறிவர். தமிழ்நாட்டில் பளிங்கு வளர்த்தலுக்கெனவே அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் ஒரு மையம் நிறுவப்பட்டது. கரைசல், உருகிய திரவம், ஆவி, உறைகூழ் என்று பளிங்கு வளரும் வழிகள் யாவும் ஒரு தனித்துறையாகக் கற்கப்படும் அளவுக்கு இவ்வறிவு விரிந்துள்ளது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உறைகூழில் நீலக்கல்லை வளர்க்க முடியுமா? முடியாது. நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளின் வகைகள். அலுமினியமும் ஒட்சிசனுமே அதன் உடல். உலகமொழிகளில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர், குருந்தம் என்ற இத்தமிழ்ச் சொல்லின் வழி வந்ததே. நீர் நிறைந்த உறைகூழில் அலுமினியத்தை வீழ்படியச் செய்தால், நீரோடு பிணைந்த வழுவழுப்பான வெண்பொருள் கிடைக்கும், குருந்தம் கிடைக்காது. குருந்தத்துக்கு நெருப்பு வேண்டும். 1902இல் பிரெஞ்சு அறிஞர் ஓகுஸ்த் வேர்னுயி, அலுமினிய ஒட்சைட்டுப் பொடியைக் கடும் சுவாலையில் உருக்கித் துளித்துளியாகச் சேர்த்துச் செந்நிறக் குருந்தம் செய்யும் முறையை வெளியிட்டார். சில மணி நேரத்தில் விளையும் அக்கல் செயற்கையெனினும் உண்மையான குருந்தமே. அதன் உள்ளே நிறக்கோடுகள் வளைந்து ஓடும். இயற்கைக் கல்லில் அவை நேராக, பளிங்கின் முகங்களுக்கு இணையாக, கோணம் மடங்கி நிற்கும். இரத்தினபுரி வணிகர் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தேடுவனவற்றுள் இவ்வேறுபாடும் ஒன்று. கல் எவ்வாறு வளர்ந்தது என்ற வரலாறு கல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆயினும் உறைகூழில் நிகழும் அந்த மெல்லிய பரவல், குருந்தத்தின் உள்ளேயும் நிகழ்ந்திருக்கிறது என்பதுதான் சபரகமுவ மக்கள் அறிய வேண்டிய செய்தி. நிலத்தின் ஆழத்தில், வெப்ப நிலையில், குருந்தம் தன் அடுக்கினுள் சிறிது தைத்தேனியத்தை ஏற்றுக்கொள்ளும். மெல்லக் குளிரும்போது அதனை வைத்திருக்க இயலாது. தைத்தேனிய அணுக்கள் திண்ணிய கல்லினுள்ளேயே நகர்ந்து, ஒன்றுகூடி, மிக நுண்ணிய ஊசிப் பளிங்குகளாய் விளையும். ஊசிகள் குருந்தத்தின் அடுக்குக்குக் கட்டுப்பட்டு மூன்று திசைகளில் மட்டும் படுக்கும். அவற்றின்மீது ஒளி பட்டுச் சிதறும்போது ஆறு கதிர் கொண்ட நட்சத்திரம் தோன்றுகிறது. நட்சத்திர நீலத்தின் இரகசியம் இதுவே. அங்கே குருந்தமே உறைகூழின் இடத்தைப் பெற்றது. நாட்களின் இடத்தை யுகங்கள் பெற்றன.

ஊசிகள் ஒழுங்கின்றிப் பெருகினால் நட்சத்திரமும் இல்லை, தெளிவும் இல்லை. கல் பால் கலந்த நீர்போல் மங்கிவிடும். அத்தகைய கற்களுக்குச் சிங்களத்தில் 'கெவுட' என்று பெயர். இல்லம் கழுவுவோர் நெடுங்காலம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் இலங்கைக்கு வந்து, அந்த மங்கிய கற்களைத் தேடித் தேடிக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்றனர். அங்கே அவை 1,700 பாகை அளவான வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த உலையில் இடப்பட்டன. ஊசிகள் கரைந்தன. தைத்தேனியம் மீண்டும் அணு அணுவாகக் குருந்தத்துள் பரவியது. அங்கே ஏற்கெனவே இருந்த இரும்பணுக்களின் பக்கத்தில் அமர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையே இலத்திரன் தாவும்போது ஒளியின் மஞ்சளும் சிவப்பும் உறிஞ்சப்படுகின்றன, எஞ்சுவது நீலம். பாலாய்ப் போன கல் தெளிந்த நீலமாய் உலகச் சந்தைக்கு வந்தது.

இழப்பு எவ்வளவு என்பதைக் குழியில் இறங்கியவரின் பங்கைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். கல்லும் அவர் நிலத்தது, உழைப்பும் அவருடையது. கல்லுக்குள் இருப்பது எது, அதனை நகர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டும் என்ற அறிவு மாத்திரம் கடலுக்கு அப்பால் இருந்தது. நெருப்பு இலங்கைக்குப் புதியதன்று. கரிநெருப்பில் கல்லை வைத்து, ஊதுகுழலால் ஊதி, செந்நிறக் கற்களில் கலந்திருக்கும் நீலச் சாயலை நீக்கும் கலை இங்கே பரம்பரை பரம்பரையாக வந்தது. ஆனால் தைத்தேனிய ஊசிகளைக் கரைக்க அந்த நெருப்பின் வெப்பம் போதவில்லை. இலங்கையர் பின்னர் இம்முறையைக் கற்றுத் தாமே உலைகளை அமைத்தனர்; இன்று கெவுடவைச் சூடாக்குதல் இந்நாட்டு மாணிக்க வணிகத்தின் வழக்கமான பகுதி. அதற்கு முன் கைமாறிப்போன கற்கள் திரும்பி வரவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. தாமரையின் நிறத்தால் பெயர் பெற்ற பத்பராட்ச என்ற கல்லை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பர். இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த அருமையான குருந்தம். இலங்கைக் கற்களே அதற்கு இலக்கணமாகக் கொள்ளப்பட்டன. 2001, 2002ஆம் ஆண்டுகளில் அந்நிறக் கற்கள் திடீரெனப் பெருந்தொகையாக உலகச் சந்தையில் தோன்றின. ஆராய்ந்தபோது, உலையில் குருந்தத்தோடு வைடூரியத்தின் இனமான கல்லையும் சேர்த்துச் சூடாக்கியிருந்தமை தெரியவந்தது. அக்கல்லில் பெரிலியம் உண்டு. பெரிலிய அணு மிகச் சிறியது. கடும் வெப்பத்தில் அது குருந்தத்தின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் பரவி நிறத்தை மாற்றிவிடுகிறது. நிறம் கல்லினுடையதன்று, வெளியிலிருந்து ஊட்டப்பட்டது. பத்பராட்சவின் விலையில் அதை விற்றல் வாங்குவோரை ஏய்த்தலாகும். உண்மையான பத்பராட்சவைக் குழியில் கண்டெடுத்தவரின் மதிப்பையும் அது கெடுத்தது.

பெரிலியம் கல் முழுதும் ஊறிவிட்டிருந்தால், நுண்ணளவுகளை அளக்கும் விலையுயர்ந்த கருவியின்றி அதனைக் கண்டறிதல் அரிது. முழுதும் ஊறாத கல்லுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கல்லின் ஒளிமுறிவுக்கு நெருங்கிய ஒளிமுறிவுடைய திரவத்தில் அதை அமிழ்த்தினால் அதன் முகங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும்; உள்ளிருக்கும் நிறம் மாத்திரம் தெரியும். இயற்கை நிறமாயின், பளிங்கு வளர்ந்த காலத்து முகங்களுக்கு இணையாகக் கோணம் மடங்கி நிற்கும். பெரிலியம் ஊட்டிய நிறமோ, பட்டை தீட்டிய கல்லின் விளிம்பைச் சுற்றி, உறைகூழில் மேலிருந்து இறங்கும் கரைசலின் முனை போல, எப்பக்கமும் ஒரே ஆழத்துக்கு உள்நோக்கிச் சென்று நின்றிருக்கும். இல்லத்திலிருந்து வந்த பளிங்கின் உருவத்தை அந்த விளிம்பில் காண முடியாது. பட்டை தீட்டியவர் கொடுத்த உருவமே அதில் தெரியும்.